மூளையின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுக்கள் இருந்தும் அவை தனித்தனி அடையாளம் பெறுவது எப்படி?

கேள்வி மூன்று கூறுகளாக வந்துள்ளது. உடலின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ.தான் இருக்கிறது என்றால், மூளையின் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு வேறுபட்டிருப்பது எப்படி? அந்த வேறுபாடு வகைக்கு வகை மட்டும்தானா, அல்லது ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அண்டைச் செல்களுக்கும் தனித்தனி அடையாளம் உண்டா? பார்க்கின்சன் போன்ற நோய்கள் சில செல்களை மட்டும் பொறுக்கியெடுத்து அழிப்பது ஏன்? விடைக்குள் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். கரு வளரும்போது ஒருமுறை தீர்மானமாகிவிட்டால் செல்லின் அடையாளம் பிறகு தானாகவே நிலைத்துவிடும் என்ற எண்ணம் மாணவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. நரம்பணுவின் அடையாளம் என்பது அந்தச் செல் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் இடைவிடாமல் செய்துகொண்டிருக்க வேண்டிய ஒரு வேலை. மரபணு வெளிப்பாடு என்று நாம் சொல்வது அந்த வேலையைத்தான்.

முதலில், 'ஒரே டி.என்.ஏ.' என்பது உண்மைதானா? இதை ஐயுறுவதற்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. நோயெதிர்ப்புச் செல்கள் தம் டி.என்.ஏ.வையே வெட்டி ஒட்டித்தான் விதவிதமான எதிர்ப்பொருள்களை உண்டாக்குகின்றன. நரம்பணுக்களும் அவ்வாறே செய்யக்கூடும் என்று சிலர் கருதினர். மூக்கில் உள்ள முகர்வு நரம்பணுக்கள் இந்த ஐயத்துக்குச் சரியான சோதனைக்களமாக அமைந்தன. எலிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகர்வு ஏற்பி மரபணுக்கள் உள்ளன; ஆனால் முதிர்ந்த முகர்வு நரம்பணு ஒவ்வொன்றும் அவற்றில் ஒன்றை மட்டுமே, அதுவும் தாய்வழி, தந்தைவழிப் பிரதிகளில் ஒன்றிலிருந்து மட்டுமே, வெளிப்படுத்துகிறது. இந்த மரபணுக் குடும்பத்தை 1991இல் கண்டறிந்தவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல். 2004இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 2004இல் ஆக்சலும் ருடால்ஃப் ஜேனிஷும் அவர்களுடைய குழுவினரும் முதிர்ந்த முகர்வு நரம்பணுவின் உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய முட்டைக்குள் வைத்து, அதன் வழியே முழு எலிகளை வளர்த்தெடுத்தனர். ஒரே ஓர் ஏற்பியைத் தேர்ந்துகொண்ட செல்லிலிருந்து வந்த எலிகள் அவை. ஆனால் அவற்றின் மூக்கில் ஏற்பிகள் வழக்கம்போல் பல வகையாகவே பரவியிருந்தன. அந்த நரம்பணு மற்ற மரபணுக்களை இழந்திருக்கவில்லை. அவற்றைப் படிக்காமல் மூடி வைத்திருந்தது, அவ்வளவே. வயது ஏற ஏற ஒவ்வொரு நரம்பணுவிலும் சிறு சிறு டி.என்.ஏ. மாற்றங்கள் சேர்வது உண்மைதான். எனினும் செல்லுக்கு அதன் வகையைத் தருபவை அவை அல்ல.

அப்படியானால் வேறுபாடு எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது என்பதில் இருக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் ஹிஸ்டோன் புரதங்களின் மீது சுற்றப்பட்டு அடங்கியிருக்கிறது. இதைப் பெரிய ஓலைச்சுவடிக் கட்டாக எண்ணிப் பார்க்கலாம்: எல்லா ஏடுகளும் உள்ளே இருக்கின்றன, ஆனால் சில ஏடுகள்தாம் கயிறு அவிழ்ந்து விரிந்திருக்கின்றன. விரிந்த பகுதியிலிருந்து தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது, அதிலிருந்து புரதம் உருவாகிறது. உயிர்வாழ்வதற்கான அடிப்படை மரபணுக்களை எல்லாச் செல்களும் படிக்கின்றன. நரம்பணுவின் தனித்தன்மை மற்ற சில தொகுதிகளிலிருந்து வருகிறது: எந்த வேதித்தூதைத் தயாரிக்கிறது, எந்த அயனிக் கால்வாய்களைச் சவ்வில் பதித்திருக்கிறது, எந்தச் சமிக்ஞைகளைக் கேட்கும் ஏற்பிகள் அதற்கு உண்டு, எந்த ஒட்டுப் புரதங்களைக் கொண்டு அண்டைச் செல்களை அடையாளம் காண்கிறது என்பவை. டோபமைன் என்ற வேதித்தூதைத் தயாரிக்கும் செல் என்றால், அதன் மூலப்பொருளான டைரோசினை மாற்றும் நொதி, டோபமைனைச் சிறுபைகளில் நிரப்பும் புரதம், வெளியேறிய டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதம் ஆகிய எல்லாம் சேர்ந்தே வெளிப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தச் செல் தன் தொழிலைச் சரிவரச் செய்ய முடியாது. பெருமூளைப் புறணியில் பார்வால்புமின் என்ற புரதம் கொண்ட தடுப்பு நரம்பணுக்கள் ஒரு நொடியில் நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்புகளை அனுப்புவதற்குக் காரணம், ஒரு துடிப்பு முடிந்ததும் சவ்வை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவரும் குறிப்பிட்ட பொட்டாசியம் கால்வாய்களின் மரபணுக்களை அவை மிகுதியாகப் படிப்பதுதான்.

இவ்வளவு மரபணுக்களைச் சேர்த்துத் திறப்பது யார் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. அதற்குத் தெளிவான விடை கிடைத்தது மனித மூளையிலிருந்து அன்று. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழுவிலிருந்து. சிட்னி பிரென்னர் கேம்பிரிட்ஜில் தொடங்கி வைத்த பணியின் தொடர்ச்சியாக, அதன் நரம்பு மண்டலத்தின் முழு வரைபடம் 1986இல் வெளிவந்தது. இருபால் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். வடிவத்தையும் இணைப்புகளையும் கொண்டு அவை 118 வகைகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு செல்லுக்கும் பெயர் உண்டு. எந்தப் புழுவை எடுத்தாலும் அதே செல் அதே இடத்தில் இருக்கும். தனிச் செல்லின் அடையாளத்தைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான உயிரினம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் புழுவை மெல்லிய மயிரிழையால் தொட்டால் விலகிச் செல்லும். அந்தத் தொடுகையை உணர்பவை ஆறு நரம்பணுக்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் சால்ஃபி தொடுவுணர்வு இழந்த புழுக்களைத் தேடி, அவற்றில் பழுதான மரபணுக்களை வரிசையாகக் கண்டறிந்தார். அவற்றில் சில, தொடுகையால் திறக்கும் கால்வாயை உண்டாக்குபவை; ஒன்று, செல்லின் உள்ளே ஓடும் நுண்குழல்களுக்கான புரதத்தைத் தருவது. புழுவின் பெரும்பாலான செல்களில் நுண்குழலுக்கு 11 இழைகள். இந்த ஆறு செல்களில் மட்டும் 15. மெக்-3 என்ற மரபணு பழுதானபோது மட்டும் விளைவு வேறாக இருந்தது. செல்கள் பிறந்தன, நரம்பணுக்களாகவும் ஆயின. ஆனால் தடித்த நுண்குழல்களோ தொடுவுணர்வுக் கருவிகளோ அவற்றில் உருவாகவில்லை. மெக்-3 ஒரு படியெடுப்புக் காரணி, அதாவது டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பற்றிக்கொண்டு அருகிலுள்ள மரபணுவைப் படிக்கச் செய்யும் புரதம். அது அன்க்-86 என்ற இன்னொரு காரணியுடன் இணைசேர்ந்து, தொடு செல்லுக்கு வேண்டிய மரபணுக்கள் பலவற்றையும் நேரடியாகத் திறக்கிறது. 1994இல் சால்ஃபி ஜெல்லிமீனின் பச்சை ஒளிர் புரதத்தை இந்த நுண்குழல் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியோடு இணைத்தபோது, புழுவின் உடலில் தொடு நரம்பணுக்கள் பச்சையாக ஒளிர்ந்தன. அந்தப் புரதப் பணிக்காக 2008இல் அவர் வேதியியல் நோபலில் பங்கு பெற்றார். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை: அந்த மரபணு புழுவின் ஒவ்வொரு செல்லிலும் இருக்க, அதைப் படித்த செல்கள் மட்டும் விளக்கேற்றியதுபோல் தெரிகின்றன.

ஒரு நரம்பணுவின் வகைக்குரிய மரபணுக்களைச் சேர்த்துத் திறக்கும் இத்தகைய காரணிகளை, இதே புழுவை ஆராயும் ஆலிவர் ஹோபர்ட் இறுதித் தேர்வுக் காரணிகள் என்ற கருத்தாகத் தொகுத்தார். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரே வகைக்கு உரியதன்று என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அன்க்-86 வேறு பல நரம்பணுக்களிலும் வெளிப்படுகிறது. மெக்-3 தொடு செல்கள் ஆறில் மட்டுமல்லாமல் இன்னும் நான்கு செல்களிலும் உண்டு. சேர்க்கைதான் பொருள் தருகிறது. தமிழ் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று: பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் கூடி 216 உயிர்மெய்களைத் தருகின்றன, ககரமெய்யை மட்டும் பார்த்து அது 'கா'வா 'கீ'யா என்று சொல்ல முடியாது. ஹோபர்ட்டின் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஹோமியோபாக்ஸ் என்ற படியெடுப்புக் காரணிக் குடும்பத்தைச் சேர்ந்த நூற்றுச் சொச்சம் மரபணுக்களின் சேர்க்கைகளை மட்டும் கொண்டே புழுவின் 118 நரம்பணு வகைகளையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தறிய முடிந்தது. உப்பை உணரும் ஏ.எஸ்.இ. என்ற இணைச் செல்களில் இந்த ஒழுங்கு இன்னும் நுட்பமாகத் தெரிகிறது. இடப்புறமும் வலப்புறமும் உள்ள இவ்விரண்டு செல்களுக்கும் சே-1 என்ற ஒரே தேர்வுக் காரணி. வடிவிலும் இரண்டும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆயினும் இடச் செல் முதன்மையாகச் சோடியத்தையும், வலச் செல் குளோரைடையும் உணர்கின்றன. இடச் செல்லில் மட்டும் தோன்றும் எல்.எஸ்.ஒய்-6 என்ற ஒரு குறு ஆர்.என்.ஏ. மற்றொரு காரணியை அடக்குவதுதான் இந்த வேறுபாட்டின் தொடக்கம். இருபதே சொச்சம் எழுத்துகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. இழை ஒரு செல்லை அதன் இணைச் செல்லிலிருந்து பிரித்துவிடுகிறது.

முதுகெலும்பிகளில் இந்தக் காரணிகளின் சேர்க்கை எங்கிருந்து வருகிறது என்பது பெரிய பாடம். இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். கருவின் தண்டுவடத்தில், வயிற்றுப்புற நடுக்கோட்டிலிருந்து சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் கசிந்து பரவுகிறது. அருகிலுள்ள செல்கள் அதை மிகுதியாகவும் நெடுநேரமும் பெறுகின்றன, தொலைவிலுள்ளவை குறைவாகப் பெறுகின்றன. அந்த அளவுக்கேற்ப வெவ்வேறு காரணிகள் எழுகின்றன. அடுத்தடுத்துள்ளவை ஒன்றையொன்று அடக்கி எல்லையைக் கூர்மையாக்குகின்றன. இவ்வாறு பிரிந்த பட்டைகளில் ஒன்றிலிருந்து இயக்க நரம்பணுக்களும் மற்றவற்றிலிருந்து இடைநரம்பணுக்களும் பிறக்கின்றன. தாமஸ் ஜெசல் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒழுங்கை விளக்குவதற்கே செலவிட்டார். செல் எங்கே பிறந்தது, எப்போது பிறந்தது என்ற இரண்டு செய்திகளும் இப்படித்தான் காரணிகளின் மொழியாக மாற்றப்படுகின்றன.

ஹெட்ஜ்ஹாக் வந்து போய்விடுகிறது. தேர்வுக் காரணிகள் போவதில்லை. அவற்றில் பல தம்முடைய மரபணுவைத் தாமே திறந்து, செல்லின் ஆயுள் முழுவதும் தம்மை நிலைநிறுத்திக்கொள்கின்றன. அவற்றை நடுவழியில் அகற்றினால் என்ன ஆகும் என்பதற்கு விழித்திரை நல்ல சான்று தருகிறது. விழித்திரையும் கருவில் மூளையிலிருந்து பிரிந்து வளர்ந்ததே. மங்கலான ஒளியில் பார்க்க உதவும் குச்சி செல்களின் அடையாளத்தை என்.ஆர்.எல். என்ற காரணி காக்கிறது. வளர்ந்த எலியில், குச்சி செல்கள் முழுமையாக உருவான பின்னர், அந்த மரபணுவை அணைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. செல்கள் குச்சி செல்லுக்குரிய மரபணுக்கள் பலவற்றைக் கைவிட்டு, கூம்பு செல்லின் சாயலை ஓரளவு பெற்றன. குச்சி செல்லாகப் பிறந்தது என்பதற்காக அது குச்சி செல்லாகவே இருந்துவிடுவதில்லை. அதற்குரிய மரபணுக்களைத் தினமும் படித்துக்கொண்டிருக்க வேண்டும். மூடி வைப்பதும் அவ்வாறே தொடர் உழைப்பைக் கேட்கிறது. பிறந்த பிறகு, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளான சினாப்சுகள் பெருகும் காலத்தில், நரம்பணுக்களின் டி.என்.ஏ.வில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் பெருமளவில் சேர்கின்றன. அக்குறிகளைப் படித்து மரபணுக்களின் அளவைக் கட்டுக்குள் வைக்கும் மெக்ப்2 என்ற புரதம் பழுதானால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ரெட் நோய்க்குறி வருகிறது என்பதை ஹுதா ஸோக்பியின் ஆய்வகம் 1999இல் காட்டியது. அக்குழந்தைகளின் நரம்பணுக்கள் இறந்துபோவதில்லை. தம் வெளிப்பாட்டைச் சரியான அளவில் வைத்திருக்க முடியாமல் தடுமாறுகின்றன.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரே வகையைச் சேர்ந்த செல்களுக்குள்ளும் தனி அடையாளம் உண்டு, அது வேறொரு முறையில் கிடைக்கிறது. நரம்பணு தன் கிளைகளைப் பரப்பும்போது தன் கிளை தன் மீதே சிக்கிக்கொள்ளாமல், ஆனால் அண்டைச் செல்லின் கிளைகளோடு தாராளமாகக் கலந்து படர வேண்டும். இதற்கு 'இது நான், அது நானல்லன்' என்று அறியும் வழி தேவை. பழ ஈயில் இந்த வேலையைச் செய்வது டிஸ்கேம்-1 என்ற ஒரே மரபணு. அதன் ஆர்.என்.ஏ. கத்தரித்து ஒட்டப்படும்போது நான்கு இடங்களில் தெரிவு நடக்கிறது: ஓரிடத்தில் 12 துண்டுகளில் ஒன்று, அடுத்ததில் 48இல் ஒன்று, பின்னர் 33இல் ஒன்று, கடைசியில் 2இல் ஒன்று. பெருக்கினால் 38,016 வடிவங்கள். ஒவ்வொரு நரம்பணுவும் இவற்றில் ஒரு சிறு கைப்பிடியைப் பெரும்பாலும் தற்செயலாகவே எடுத்துக்கொள்கிறது. இரண்டு கிளைகள் தொடும்போது, இரண்டின் மீதும் அதே வடிவம் இருந்தால் அவை பற்றிக்கொண்டு பிறகு விலகுகின்றன. எல்லா நரம்பணுக்களுக்கும் ஒரே வடிவத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, அண்டைச் செல்லையும் தானே என்று எண்ணிக் கிளைகள் ஒன்றையொன்று தவிர்த்தன. இந்தப் பிரித்தறிதல் பிசகாமல் நடக்க ஆயிரக்கணக்கான வடிவங்கள் வேண்டும் என்பதையும் லாரி ஜிபுர்ஸ்கியின் ஆய்வகம் 2009இல் காட்டியது.

நம் உடலில் இந்தப் பணியைக் கொத்தாக அமைந்த புரோட்டோகாட்ஹெரின் மரபணுக்கள் ஏற்றுள்ளன. எலியில் இவை 58. ஒவ்வொரு மரபணுவுக்கும் தனித் தொடக்கப் பகுதி உண்டு. செல் அவற்றில் சிலவற்றைத் தற்செயலாகத் திறக்கிறது, அந்தச் சேர்க்கை அதன் சவ்வின் மீது ஒரு முத்திரையாக அமைகிறது. எண்ணிக்கை சிறியதாகத் தோன்றினாலும், இரண்டு செல்களின் சேர்க்கை ஒரே ஒரு புரதத்தால் வேறுபட்டால்கூட அடையாளம் பொருந்தாமல் போகிறது என்பதால் இது போதுமானதாகிறது. ஆகவே உங்கள் சிறுமூளையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பர்கின்ஜி செல்கள் வகையால் ஒன்று, முத்திரையால் வேறு. வகையைத் தீர்மானிப்பதில் தற்செயலுக்கு இடமில்லாமல் கட்டுப்படுத்தும் அதே உயிரினம், தனியடையாளத்துக்குத் தற்செயலையே கருவியாகப் பயன்படுத்துகிறது. இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இனி எண்ணிக்கை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. எத்தனை வகை என்று அறிய, ஒவ்வொரு செல்லிலும் உள்ள ஆர்.என்.ஏ.க்களைத் தனித்தனியாக எண்ணும் முறை இன்று கைகொடுக்கிறது. நீண்ட கிளைகள் கொண்ட நரம்பணுவை முழுதாகப் பிரித்தெடுப்பது கடினம் என்பதால், உறைய வைத்த திசுவிலிருந்து உட்கருக்களை மட்டும் எடுத்துப் படிக்கிறார்கள். 2023 அக்டோபரில் வெளிவந்த மனித மூளை வரைபடத்தில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்கள் 3,313 உட்குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், சியாட்டிலின் ஆலன் நிறுவனம் தலைமையேற்ற எலி மூளை வரைபடத்தில் 5,322 குழுக்கள். எலிக்கு நம்மைவிட அதிக வகைகள் உண்டு என்று இதைப் படிப்பது பிழை. எத்தனை செல்கள் எடுக்கப்பட்டன, எந்த அளவு வேறுபாட்டில் கோடு போடப்பட்டது என்பதைப் பொறுத்து எண் மாறும். மேலும், நிலை வேறு, வகை வேறு. ஒரு நரம்பணு பலமாகத் தூண்டப்பட்டால் சில நிமிடங்களில் ஃபாஸ் போன்ற மரபணுக்கள் பொங்கி எழுந்து பின் அடங்கிவிடுகின்றன. அதனால் அது வேறு வகைச் செல் ஆகிவிடாது. ஒரு குழுவைத் தனி வகை என்று நான் ஏற்பது, அதன் வடிவமும் இணைப்புகளும் மின் நடத்தையும் அதே பிரிவைக் காட்டும்போதுதான், ஆர்.என்.ஏ. பட்டியல் மட்டும் எனக்குப் போதுமான சான்றன்று.

மூன்றாவது கேள்விக்கு இந்த வரைபடங்களே வழிகாட்டுகின்றன. பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் உள்ள டோபமைன் செல்கள் அழிகின்றன. ஆனால் அங்கேயும் எல்லாம் ஒருசேர அழிவதில்லை. இறந்தவர்களின் மூளைகளிலிருந்து எடுத்த உட்கருக்களைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வு, அங்குள்ள டோபமைன் செல்களைப் பத்துக் குழுக்களாகப் பிரித்தது. ஏ.ஜி.டி.ஆர்-1 என்ற ஏற்பி மரபணுவை வெளிப்படுத்தும் ஒரு குழுவே மிகுதியாகக் குறைந்திருந்தது. பார்க்கின்சனுக்கான மரபுவழி ஆபத்தைச் சுமக்கும் மரபணுக்களும் அந்தக் குழுவில்தான் மிகுந்து வெளிப்பட்டன. நோய் செல்களைத் தேடிப் பிடிக்கிறது என்பதைவிட, குறிப்பிட்ட மரபணுக்களைப் படித்துக்கொண்டிருக்கும் செல் அந்த வாசிப்பின் விலையாகவே பலவீனமும் பெறுகிறது என்று கொள்வது பொருந்தும். டோபமைன் செல்லின் தேர்வுக் காரணிகளில் ஒன்றான நர்-1ஐ வளர்ந்த எலியில் அகற்றினால், டோபமைன் தயாரிக்கும் கருவிகளே அச்செல்களில் குன்றிப்போகின்றன என்பதும் அறியப்பட்டது.

சிகிச்சை முயற்சிகளும் இதே அறிவின் மீது நிற்கின்றன. ஆய்வகத்தில், பல வகைச் செல்களாக மாறக்கூடிய குருத்தணுக்களுக்கு, கருவின் நடுமூளையில் கிடைக்கும் அதே சமிக்ஞைகளைச் சரியான வரிசையில் கொடுத்து, நடுமூளை டோபமைன் செல்லின் முன்னோடிகளாக மாற்றுகிறார்கள். உரிய காரணிகள் வெளிப்படுகின்றனவா என்று சோதித்த பின்னரே அவை மூளைக்குள் வைக்கப்படுகின்றன. இத்தகைய இரண்டு மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் 2025 ஏப்ரலில் வெளியாயின. அவற்றுள் கியோட்டோவில் ஏழு நோயாளிகளுக்குச் செய்யப்பட்ட ஆய்வில், 24 மாதங்களுக்குப் பிறகு எடுத்த படங்களில் செல்கள் வைக்கப்பட்ட பகுதியில் டோபமைன் தயாரிப்பு உயர்ந்திருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அச்செல்கள் தம்மை டோபமைன் செல்களாகவே வைத்துக்கொண்டிருந்தன.